தோட்டத்து ஊரில் இருந்தபடி கோட்பாட்டு இயற்பியல்: எதற்குப் பின் எது

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊரில், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்த ஒருவருக்குக் கோட்பாட்டு இயற்பியல் படிக்க வேண்டிய பாடங்கள் அத்தனையும் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல் வரிசையில்தான். கருந்துளை, குவாண்டம் என்று காணொளிகள் பார்த்து ஆசைப்பட்டவர்கள் நேராக அங்கேயே தொடங்குகிறார்கள். இரண்டாம் வாரத்திலேயே கணிதம் வழிமறிக்கிறது. தமக்கு மூளை போதாது என்று விட்டுவிடுகிறார்கள். மூளைக்கு ஒரு குறையும் இல்லை, நடுவில் நான்கு பாடங்கள் விடுபட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

எஸ்பிஎம் கூடுதல் கணிதத்தில் வகையிடலும் தொகையிடலும் உண்டு. கலப்பெண்ணும் வகைக்கெழுச் சமன்பாடும் இல்லை. ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்மில் கணிதம் படித்தவர்களுக்கு இந்தப் பள்ளம் பாதி நிரம்பியிருக்கும். மற்றவர்கள் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் தொடங்கலாம். பாட எண்ணின் முடிவில் 'எஸ்சி' (SC) என்று இருப்பது கிடைத்தால் அதையே எடுங்கள். தனியாகப் படிப்பவர்களுக்கென்று தொகுத்தவை அவை. கணக்குகளோடு செய்முறை விடையும் இருக்கும். 18.01 ஒருமாறி நுண்கணிதம், 18.02 பன்மாறி நுண்கணிதம், 18.03 வகைக்கெழுச் சமன்பாடுகள், 18.06 நேரியல் இயற்கணிதம். முதல் பாடத்துடன் 8.01 இயந்திரவியலைச் சேர்த்துப் படிக்கலாம். 18.02 முடியாமல் மின்காந்தவியல் பக்கம் போகாதீர்கள். ஒரு புலம் எவ்வளவு விரிகிறது, எவ்வளவு சுழல்கிறது என்று அளக்கும் டைவர்ஜென்ஸ், கர்ல் இரண்டும் கைவராதவருக்கு மேக்ஸ்வெல் சமன்பாடுகள் வெறும் கோலமாகத்தான் தெரியும்.

அதிகம் பேர் தாண்டிக் குதிப்பது 18.06. அணிகளைப் பள்ளியிலேயே பார்த்தாயிற்றே என்ற நினைப்பு. குவாண்டம் இயங்கியலில் ஒரு துகளின் நிலை என்பதே ஒரு திசையன். அளக்கக்கூடிய ஒவ்வொன்றும் ஓர் இயக்கி. அளந்தால் கிடைக்கும் எண்கள் அந்த இயக்கியின் ஐகன் மதிப்புகள், அதாவது இயக்கி சில திசையன்களைத் திசை மாற்றாமல் பெருக்கும் எண்கள். இது பழகாதவர் 8.04 குவாண்டம் பாடத்தில் உட்காரும்போது புதுக் கணிதத்தையும் புது இயற்பியலையும் ஒரே நேரத்தில் சுமக்கிறார். யாராலும் முடியாது.

நேரக் கணக்கு இது. எம்ஐடியில் வழக்கமான ஒரு பாடம் வாரத்துக்கு 12 மணி நேர உழைப்பு. ஒரு பருவம் ஏறக்குறைய 14 வாரம். ஆக ஒரு பாடத்துக்கு 168 மணி. நாளுக்கு 2 மணி, வாரத்தில் 6 நாள் என்றால், இடையில் விடுபடும் வாரங்களையும் கழித்து, ஆண்டுக்கு மூன்று பாடம் முடியும். இந்த நான்கு கணிதப் பாடங்களும், 8.01 இயந்திரவியல், 8.02 மின்காந்தவியல், 8.03 அலைகள், 8.04 குவாண்டம் என்ற நான்கு இயற்பியல் பாடங்களும் சேர்ந்து இரண்டரை ஆண்டுக்கு மேல் பிடிக்கும். ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்பவரை நம்பாதீர்கள்.

ஒரு மணி நேர விரிவுரைக்கு இரண்டு மணி நேரம் காகித வேலை வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் ஒன்றைத் தருவிக்கத் தொடங்கும்போதே காணொளியை நிறுத்தி, நீங்களே முயலுங்கள். பார்க்கும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும். நோட்டை மூடிவிட்டு எழுதினால்தான் எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று தெரியும்.

மேல்நிலைக் கணக்குத்தாள்கள் பலவற்றுக்கு விடை கிடைக்காது. அப்போது சரிபார்க்கும் வழி: முதலில் அலகு, பிறகு எல்லைநிலை, கடைசியில் எண். 10 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு செம்பனைக் குலை விழுகிறது. காற்றை மறந்தால் 1.43 வினாடி, தரையைத் தொடும் வேகம் வினாடிக்கு 14 மீட்டர். இப்போது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் காற்றுத்தடையைச் சேர்த்து வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீருங்கள். தடையைச் சுழியமாக்கினால் உங்கள் விடை அதே 14-க்குத் திரும்ப வேண்டும். உயரத்தை மிகப் பெரிதாக்கினால் வேகம் ஒரு மாறாத மதிப்பில் நிலைக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் எங்கோ பிழை. விடைத்தாள் இல்லாமலேயே அது தெரிந்துவிடும். இந்தப் பழக்கம் இல்லாமல் எவ்வளவு கணக்குப் போட்டாலும் பயன் குறைவு.

அடுத்த படிக்குப் போகலாமா என்பதற்கும் சோதனை உண்டு. வெற்றிடத்தில் மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து அலைச் சமன்பாட்டைத் தருவித்து ஒளியின் வேகத்தை எண்ணாகப் பெற முடிந்தால் குவாண்டத்துக்குப் போகலாம். சீரிசை அலையியற்றியின் ஆற்றல் படிகளையும், ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றலான 13.6 எலக்ட்ரான் வோல்ட்டையும் புத்தகம் பார்க்காமல் எழுத முடிந்தால் 8.04 முடிந்தது.

அதற்குப் பிறகு கேம்பிரிட்ஜின் டேவிட் டாங் இலவசமாக வைத்திருக்கும் விரிவுரைக் குறிப்புகளுக்கு நிகர் இல்லை. செவ்வியல் இயங்கியலில் தொடங்கிக் குவாண்டம் புலக் கோட்பாடு வரை ஒரே கையெழுத்துபோல் ஓடும். ஐஐடி மெட்ராஸின் பாலகிருஷ்ணன் நடத்திய விரிவுரைகள் இந்தியாவின் இலவசப் பாடத் தளமான என்பிடெல்லில் உள்ளன. நிதானமாகக் கேட்க நல்லவை. ஃபைன்மன் விரிவுரைகள் மூன்று தொகுதியும் கால்டெக் தளத்தில் படிக்கலாம், ஆனால் அதே பகுதியில் கணக்குப் போட்ட பிறகு படியுங்கள். பொதுச் சார்பியலுக்கு ஷான் கேரல் 1997-இல் ஆர்க்கைவ் (arXiv) ஆய்வுத்தாள் தளத்தில் இட்ட குறிப்புகள் போதும்.

வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால் நூலகத்திலோ இலவச இணைய மையத்திலோ ஒரு பருவப் பாடத்தின் பிடிஎஃப்களையும் காணொளிகளையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளுங்கள். கரும்பலகை எழுத்துக்கு 480 தரமே போதும்.

இன்னொருவர் கிடைத்தால் வாரம் ஒருநாள் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ சந்தித்து, குறிப்பைப் பார்க்காமல் ஒரு தருவிப்பை மாறிமாறிப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

ஓப்பன்கோர்ஸ்வேர் சான்றிதழ் தராது. பல்கலைக்கழகம் போக எஸ்டிபிஎம், பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷன் போன்ற ஒரு தேர்ச்சி வேண்டும். எனவே தேர்வுப் பருவத்தில் புதிய பாடம் எதையும் தொடங்காமல், வாரத்துக்கு இரண்டு பழைய கணக்குகளை மட்டும் போட்டுக் கையைப் பழக்கத்தில் வைத்திருங்கள்.