அத்தையின் எல்.ஐ.சி. டைரி

5 அக்டோபர் 2024, சனி

ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழிக்கலாம் என்று அத்தையின் மெத்தையைத் தூக்கினால், அடியில் ஒரு எல்.ஐ.சி. டைரி. உப்பிப் போய் நூல் கட்டிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். வாரப் பத்திரிகைகளில் கத்தரித்து ஒட்டிய துண்டுகள். எல்லாம் நம்ம மதுரைச் சாப்பாட்டுக் கடைகள். டி.வி.யில் பார்த்ததை ஒட்ட முடியாதே, அதைப் பென்சிலால் எழுதியிருக்கிறார். “விளக்குத்தூண். பனியன் போட்ட பையன் ரெண்டு கிளாஸ் குடிச்சான்.” “சிம்மக்கல். கறி தோசை. முட்டை அடியிலயா மேலயா தெரியல.”

அத்தைக்கு 76 வயது. மாமா இருந்தவரை ஓட்டல் வாசலை மிதித்ததில்லை. “கடையில திங்கிறவன் வீட்டு அடுப்புக்கு என்ன சீக்கா?” என்று கேட்கிற ஆள் மாமா. அவர் போன பிறகு இவருக்கு முழங்கால் போய்விட்டது.

“நீ டவுனுக்குள்ளதான தாயி வேலை பாக்குற. போயித் தின்னு பாத்துச் சொல்லு. நான் டிக் அடிச்சுக்கிறேன்.”

எனக்குக் கூச்சம்தான். டவுன் ஹால் ரோட்டில் டி.டி.பி. கடையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை ஓட்டல்களுக்கு மெனு கார்டில் ‘டி.வி. புகழ்’ என்று நானே அடித்துக் கொடுத்திருப்பேன்! அந்தக் கடைகளில் முக்கால்வாசியில் நான் கை நனைத்ததில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமை, கறி கிடையாது. அதனால் முதல் கணக்கு மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை, வெள்ளையப்பம். வண்டியை வெளியே போட்டுவிட்டுச் சித்திரை வீதியில் நடந்தேன். கோயிலில் கொலு பார்க்க வந்த கூட்டம் வேறு. அப்பம் உள்ளங்கை அளவு. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு. பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் ஊற்றி எடுப்பது, அவ்வளவுதான் சமாசாரம். காரச் சட்னியைத் தொட்டதும் கண்ணில் நீர் வந்தது. மூன்று தின்றேன். நான்கு கட்டிக்கொண்டு வந்தேன்.

அத்தை ஒன்றைப் பிட்டு மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “யாரு சுட்டது?”

கடைப் பேரைச் சொன்னேன்.

“கடைய கேக்கல. அடுப்புல நின்னது யாரு?”

நான் பார்க்கவே இல்லை. அரை டிக்தான் கிடைத்தது.

9 அக்டோபர், புதன்

மத்தியானம் டி.வி. நிகழ்ச்சியில் ஒரு பெண் பிரியாணியை வாயில் வைத்தாள். வைத்த அதே நொடியில் கண்ணை மூடி, தலையை ஆட்டி, “ம்ம்ம்…” என்றாள். அத்தை சத்தத்தைக் குறைத்தார். “இன்னும் மெல்லவே இல்லையே, அதுக்குள்ள எப்படித் தெரிஞ்சது?” ராத்திரி ரசம் ஊற்றும்போது என்னைப் பார்த்து அதே மாதிரி கண்ணை மூடித் தலையை ஆட்டிக் காட்டினார். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் சோற்றுத் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

13 அக்டோபர், ஞாயிறு

விளக்குத்தூண். கோட்டையை இடித்து ஊரை விரித்த பிளாக்பர்ன் கலெக்டர் நினைவுக்கு நட்ட கம்பம் அது. இன்றைக்கு மதுரைக்காரர்களுக்கு அந்த அடையாளம் ஜிகர்தண்டாவுக்குத்தான் பயன்படுகிறது. 1977-லிருந்து இருக்கிற பேமஸ் ஜிகர்தண்டா கடையில் வாங்கினேன். டம்ளரில் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சி ஆறவைத்த பால், பாசந்தி, தலையில் ஐஸ்கிரீம். கரண்டியால் அடியைக் கிளறாமல் குடித்தால் கடைசியில் வெறும் சர்பத்தும் பிசினும்தான் மிஞ்சும். அப்படிக் குடித்துவிட்டு ‘ஓவர் இனிப்பு’ என்று சொல்லிப் போன வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேரைப் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

பார்சல் புதூர் வருவதற்குள் பாயசம் ஆகிவிட்டது. அத்தைக்குச் சுகர், இரண்டு கரண்டிதான் அனுமதி. அதற்குள் ஒரு வழக்கு. டைரியில் ஒரு துண்டு ‘கடல்பாசி’ என்கிறது, இன்னொன்று ‘பாதாம் பிசின்’ என்கிறது. எது சரி?

“ரெண்டும் ஒண்ணா? கடல்பாசின்னா காய்ச்சணும், கட்டியாகும், வெட்டிப் போடணும். பிசினு ஊறும். நீ வாங்கியாந்தது வெட்டுப்பட்டு இருக்கா, குழகுழன்னு இருக்கா?”

குழகுழவென்றுதான் இருந்தது. நாளைக்குக் கீழமாசி வீதியில் ஐம்பது கிராம் பிசின் வாங்க வேண்டும்.

15 அக்டோபர், செவ்வாய்

சுண்டைக்காய் அளவில் ஆறு கட்டி ஊறப் போட்டேன். காலையில் கிண்ணம் நிரம்பி மேடையில் வழிந்து கிடக்கிறது. ஆறே ஆறு கட்டி. மிச்சத்தை யார் தின்பது?

20 அக்டோபர், ஞாயிறு

புரட்டாசி முடிந்தது. சிம்மக்கல் கோனார் மெஸ், கறி தோசை. இது ராத்திரிச் சாப்பாடு. இவரும் வந்தார். உட்கார இடம் கிடைக்கும் வரை, இந்தத் தடவை புத்தியாகக் கல்லருகே போய் நின்றுகொண்டேன்.

மாஸ்டர் மாவை ஊத்தப்பம் போலக் கனமாக விட்டார். விரிக்கவில்லை. அது வெந்து கண் திறக்கும்போது அடித்த முட்டையை ஊற்றினார். முட்டை ஓடிப் போகுமுன், ஏற்கெனவே வெந்து மசாலா சுண்டிய கொத்துக்கறியை அள்ளிப் போட்டு, தோசைத் திருப்பியின் முதுகால் தட்டி அமுக்கினார். பிறகு சுற்றிலும் எண்ணெய். திருப்பிப் போட்டதும் கறி கல்லில் பட்டு ஒரு வாசனை வந்தது பாருங்கள், இவர் டோக்கனையே மறந்துவிட்டார். அந்தக் கருகல்தான் விஷயம். எந்தப் பத்திரிகைத் துண்டிலும் அது இல்லை. எல்லாவற்றிலும் ‘மென்மையான’ என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒன்று தின்றால் வயிறு நிறைந்துவிடும். இவர் ஒன்றரை தின்றார்.

அத்தைக்குக் கொண்டுவந்ததை இலையைப் பிரித்தால் ஆவியில் நமத்திருந்தது. அதையும் தடவித் தடவி ஒரு கருகல் ஓரத்தைக் கண்டுபிடித்துத் தின்றார். “முட்டை நடுவுல” என்றேன். பென்சிலை எடுத்து, ‘தெரியல’ என்பதை அடித்துவிட்டு ‘நடுவுல’ என்று எழுதினார். மாஸ்டருக்கு வயது எவ்வளவு இருக்கும், எந்தக் கை என்று கேட்டார். வலது கை, ஐம்பது இருக்கும் என்றேன். முழு டிக்.

25 அக்டோபர், வெள்ளி

மத்தியானத்துக்கு மேல் கொட்டித் தீர்த்தது. செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். பாலம் வேலை நடக்கிற கோரிப்பாளையத்தைத் தாண்டிப் புதூர் வந்து சேர்வதற்குள் எனக்கு ராத்திரி எட்டேமுக்கால். அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: “கம்மாய்க்குப் புதுத்தண்ணி வந்துருக்கும். இனி அயிரை வரும்.”

27 அக்டோபர், ஞாயிறு

இன்றைக்குப் போன கடையின் பேரும் ஊரும் எழுதப் போவதில்லை. மதுரையிலிருந்து அரை மணி நேரம். டைரியில் இந்தக் கடைக்கு இரண்டு பக்கம். பத்திரிகைத் துண்டில் மாஸ்டர் படமே இருக்கிறது, மண்சட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. ‘விறகடுப்பு, மண்சட்டி, அயிரை மீன் குழம்பு.’ அத்தை அதைச் சிவப்பு மையால் கட்டம் கட்டியிருந்தார்.

வாசலில் விறகடுப்பு இருந்தது. அதன் மேல் மண்சட்டி. சட்டிக்குள் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று நான்கு பேர் செல்ஃபி எடுத்தார்கள். பின்கட்டில் மூன்று கேஸ் அடுப்பு. உள்ளே லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அதே பத்திரிகைப் பக்கம், லேமினேஷன் செய்து, பூப் போட்டு, அதன் கீழே கியூ.ஆர். அட்டை. லேமினேஷன் ஓரத்தில் காற்றுக்குமிழ். எங்கள் கடையில் செய்திருந்தால் நான் அப்படி விட்டிருக்க மாட்டேன்.

அயிரைக் குழம்பு ஒரு கிண்ணம் 280 ரூபாய். விலைக்கு நான் குறை சொல்ல மாட்டேன். அயிரை கிடைப்பதே கஷ்டம், விரல் நீளம்கூட இல்லாத மீன், சேற்றில் திரிவது. ஆனால் முதல் கவளத்திலேயே பல்லில் நற என்றது. இரண்டாவதிலும். இவர் மோரை ஊற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பரிமாறிய பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இலைக்குக் குனிந்தார். “மண்ணாம்மா?”

“ஆமாண்ணே.”

“முன்னாடி இப்படி இருக்காது. பேப்பர்ல படம் போட்டாங்கள்ல, அதப் பாத்துட்டு வேற ஓட்டல்காரன் வந்து ரெட்டைச் சம்பளம் தாரேன்னு மாஸ்டரக் கூட்டிப் போயிட்டான். ஒரு மாசம்கூட ஆகல. இப்ப இருக்குறது புதுப் பய.”

“எந்த ஓட்டலுக்குப் போனாரு?”

அதற்குள் கல்லாவிலிருந்து ஒரு சத்தம். பெரியவர் ரசவாளியோடு போய்விட்டார். கை கழுவும் இடத்தில் என் கடை அட்டையை அவர் சட்டைப்பையில் வைத்து, தெரிந்தால் போன் பண்ணுங்கண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். இவர் வழியெல்லாம் சிரித்தார், போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீ என்று.

வீட்டில் அத்தைக்கு மாஸ்டர் கதை பெரிதாகப் படவில்லை, மண்தான் பெரிதாகப் பட்டது. தரையில் உட்கார முடியாதவர், நாற்காலியில் இருந்தபடியே வெறும் கையால் செய்து காட்டினார். உயிரோடு இருக்கும்போதே தேங்காய்ப் பாலில் விட வேண்டும். அது குடித்துக் குடித்து வயிற்று மண்ணைக் கக்கும். பிறகு உட்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்பைப் போட்டு உரச வேண்டும். வழுவழுப்பும் செதிலும் போகும்வரை, தண்ணீர் கலங்காமல் வரும்வரை, ஏழெட்டுத் தண்ணீர்.

“எம்புட்டு நேரம் ஆகும் அத்தை?”

“அரைக் கிலோவுக்கு ஒரு மணி நேரம். நூறு பேரு வாசல்ல நின்னா எவன் உரசுவான்?”

டிக் போடவில்லை. சிவப்புக் கட்டத்தையும் அழிக்கவில்லை.

30 அக்டோபர், புதன், ராத்திரி ஒன்றரை

நாளைக்குத் தீபாவளி. கடைசி நேரத் துணி எடுக்க ஆட்டோ பேசி மாசி வீதிப் பக்கம் கிளம்பினோம். “நானும் வாரேன்” என்று அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். முழங்கால் என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்குத் தெற்குமாசி வீதி பகல் மாதிரி இருந்தது. பனியன், வளையல், ஊக்குப் பாக்கெட், எல்லாம் கூவி விற்கிறார்கள். அத்தை ஒன்றும் வாங்கவில்லை. ஒரு சந்து முனையில் இட்லி வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இது டைரியில் இல்லாத வண்டி, போர்டுகூட இல்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் போடச் சொல்லி உட்கார்ந்தார். ஆட்டோக்காரரும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டார்.

வண்டிக்கார அம்மா தட்டைக் கவிழ்த்து, ஈரத்துணிக்கு மேலே தண்ணீர் தெளித்து, ஒரே இழுப்பில் துணியை உரித்தார். இட்லி ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அத்தையின் பார்வை அந்தக் கையிலேயே இருந்தது.

“மாவு யாரு அரைச்சது தாயி?”

“மருமக. நான் அவிக்க மட்டும்தான்.”

“உளுந்து?”

“நாலுக்கு ஒண்ணு. மழைக்காலம், கொஞ்சம் கூடப் போடுவா.”

“சட்னியில புளி வச்சிருக்கியே.”

“ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தாங்கணும்ல ஆத்தா. தேங்காயா அரைச்சா நொந்துபோகும்.”

அத்தை நான்கு இட்லி தின்றார். வீட்டில் இரண்டுக்கு மேல் தொட மாட்டார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்: “மருமகளுக்குக் கையில பதம் இருக்கு.” யார் மருமகளை என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சாம்பார் சுமார்தான், பருப்பு கரையவில்லை. அதை அத்தையும் சொன்னார், வண்டிக்கார அம்மாவின் முகத்துக்கு நேராகவே. அந்த அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

துணி எடுக்காமலேயே திரும்பிவிட்டோம். இவருக்குப் போன வருஷச் சட்டைதான்.

3 நவம்பர், ஞாயிறு

முழங்கால் வீக்கம். எண்ணெய்த் தேய்ப்பு, வெந்நீர் ஒத்தடம். எங்கும் போகவில்லை. அத்தை டைரியில் புதுப் பக்கம் ஒன்றை எடுத்து, ஒட்டத் துண்டு இல்லாததால் இட்லி வண்டியைப் படமாகவே வரைந்திருக்கிறார். சக்கரம் மூன்றுதான் இருக்கிறது. சுட்டிக் காட்டினேன். “நாலாவது அந்தப் பக்கம் இருக்கு.”

10 நவம்பர், ஞாயிறு

காலையில் தெரியாத நம்பர். பரிமாறிய பெரியவர்.

“மேலூர்ப் பக்கம்மா. பரோட்டாக் கடை. அந்த ரெட்டைச் சம்பளக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு இங்க வந்துட்டாராம். பகல்ல பத்துப் பேருக்கு மட்டும் குழம்பு வைக்கிறாராம், அதுவும் மீனு கிடைச்சாத்தான். முதநா சொல்லிரணும்.”

நம்பர் வாங்கி மாஸ்டரிடமே பேசினேன். அடுத்த ஞாயிறு மூன்று பேர் என்று சொன்னேன். போனைக் கையிலிருந்து பிடுங்கி அத்தை கேட்டார்: “தம்பி, உரசுவீகளா?”

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அத்தை “ம்” என்றார், இன்னொரு “ம்”, பிறகு “பாலு ரெண்டாம் பாலு போதும், மொதப் பாலு குழம்புக்கு” என்றார். கால் மணி நேரம் பேச்சு போனது. என் பேலன்ஸ்தான்.

எவர்சில்வர் தூக்குச்சட்டியை இப்போதே தேய்த்து, அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது.