மொட்டைமாடி ரீல்ஸ்: அகமதாபாத் நாட்குறிப்பு

செப்டம்பர் 22, 2025, திங்கள்

நவராத்திரி தொடங்கிவிட்டது. இனி மணிநகரில் ராத்தூக்கம் கிடையாது. சரி, போனையாவது பார்ப்போம் என்றால் அங்கேயும் கர்பா நடனம். சனியா சோளிப் பாவாடை ரவிக்கையில் ஒரு பெண், கேடியு சட்டையில் ஒரு பையன். வட்டம் சுற்றும்போது கண்ணும் கண்ணும் பார்த்துக்கொள்கின்றன. அடுத்த சுற்றில் அவள் வேறொருத்தனோடு தாண்டியாக் கோல் தட்ட, இவன் முகம் தொங்கிப்போகிறது. முப்பது நொடியில் கதை முடிந்தது.

எழுபது, எண்பதுகளின் குஜராத்திப் படங்களில் நரேஷ் கனோடியாவும் சிநேகலதாவும் கிராமத்து மேளாவில் ஆடியதை இந்தப் பிள்ளைகள் பார்ட்டி பிளாட் என்னும் வாடகை மைதானத்தில் ஆடுகிறார்கள். உடைகூட ஏறக்குறைய அதேதான். ஆனால் அன்றைக்குப் பையன்தான் பின்னாலேயே அலைவான். இன்று பார்த்த வீடியோவில் பெண்தான் கூட்டத்துக்குள் தோழியை அனுப்பி அவனுடைய இன்ஸ்டா ஐடியை வாங்கிவரச் சொல்கிறாள். அதுவும் கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

செப்டம்பர் 25, வியாழன்

2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையில் இன்ஸ்டா ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். கொரோனா காலம், வெளியே போய் எடுக்க வழியில்லை. வீட்டில் இருந்தவர்களை வைத்து, வீட்டில் இருந்த இடத்தில் எடுத்தார்கள். புருஷன், பெண்டாட்டி, சமையலறை. ஊரடங்கு போய் எவ்வளவோ நாளாகியும் அந்தச் சமையலறை மட்டும் போகவில்லை.

என் போனில் வரும் குஜராத்திக் காதல் ஜோடிகளில் பெரும்பாலோர் கல்யாணமானவர்கள். கோபித்துக்கொள்வது, கொஞ்சுவது, பாஸ்வேர்டு கேட்டுச் சண்டை போடுவது எல்லாமே தாலிக்குப் பிறகுதான். கல்யாணத்துக்கு முந்தைய காதலுக்கு வருஷத்தில் இரண்டு பருவம்தான்: நவராத்திரி, அப்புறம் உத்தராயணத்தன்று பட்டம் விடும் மாடி. மற்ற நாளெல்லாம் தம்பதி சமேதர்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெயில் சாய்ந்ததும் மூன்றாவது மாடி ஜோடி மொட்டைமாடிக்கு வந்துவிட்டது. நான் காயப்போட்ட துணி ஃபிரேமில் விழுகிறதாம், "பாபி (அண்ணி), கொஞ்சம் எடுத்துக்கறீங்களா" என்றாள். எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

மருமகள், மாமியார் இரண்டு வேஷமும் அவள்தான். துப்பட்டா தலையில் ஏறினால் மாமியார், கழுத்துக்கு இறங்கினால் மருமகள். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நிஜ மாமியார்! இன்றைய கதை: ஆபீசிலிருந்து "சாப்பிட்டியா" என்று மெசேஜ் போட அவன் மறந்துவிட்டான். அவள் பேச மாட்டேன் என்கிறாள். அவளைச் சமாதானப்படுத்த அவன் தேப்லா என்னும் கீரைச் சப்பாத்தி இடுகிறான். தண்ணீர்த் தொட்டி மேல் பலகை, கையில் நிஜமாகவே வெந்தயக்கீரை மாவு. ஒன்றாவது வட்டமாக வரவேண்டுமே!

துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, "எங்க காலத்துல ஆம்பளைங்க அடுப்படிப் பக்கமே வரமாட்டாங்க" என்று அவள் ஆரம்பித்தாள். போனைப் பிடித்திருந்த அம்மாள் அதைத் தாழ்த்திவிட்டார். "நான் எப்போ அப்படிச் சொன்னேன்? மாவுல எண்ணெய் பத்தலைன்னுதானே சொல்வேன்?" வசனம் மாறியது. அடுத்த டேக்கில் மாமியார் மகனைக் குறை சொன்னார், மருமகளை அல்ல.

டிவி சீரியலில் மாமியாரை வில்லியாக்கலாம். அந்த நடிகை ராத்திரி உங்கள் வீட்டில் படுக்கப் போவதில்லை. இங்கே கேமராவே மாமியார் கையில். இந்த ரீல்ஸில் குடும்பம் இவ்வளவு நல்ல குடும்பமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 6, சரத் பூர்ணிமா

மாடியில் நிலா வெளிச்சத்தில் தூத் பௌவா, அதாவது பாலில் ஊறிய அவல். எதிர்வீட்டு பாவுக்கு (பாட்டியை இங்கே பா என்பார்கள்) எண்பது தாண்டிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் புருஷன் முகத்தையே பார்த்ததில்லையாம். கல்யாணமான பிறகும் மாமனார் எதிரில் முக்காடு, பேச்சு கிடையாது. பேத்தியின் போனில் அந்தத் தேப்லா வீடியோவைப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எல்லார் முன்னாலயும் இப்படி வழியறாங்களே பா, உங்களுக்குப் பரவாயில்லையா?" என்றேன். "கல்யாணம் ஆனவங்கதானே, பண்ணிக்கட்டும்" என்றார். ரீல்ஸ் காதலெல்லாம் ஏன் தாலிக்குப் பிறகே என்ற என் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அக்டோபர் 23, வியாழன்

நேற்று குஜராத்திப் புத்தாண்டு. சால் முபாரக் சொல்ல வந்த உறவுக்கூட்டத்தில் பயோடேட்டாக்களும் கைமாறின. ரீல்ஸிலும் இப்போது பெண் பார்க்கும் சீசன். தட்டில் டீயோடு தலைகுனிந்து வரும் பெண்ணைக் காணோம். சிந்து பவன் ரோட்டு கஃபேயில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி கேட்பது அவள். "டீ போடத் தெரியுமா? அம்மாகிட்ட கேட்காம ஒரு முடிவாவது எடுத்திருக்கீங்களா?" கனடாவில் நிரந்தரமாகத் தங்க பி.ஆர். இருக்கிறது என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினால், "அங்க பாத்திரம் யார் தேய்ப்பா?" என்கிறாள். இந்த வகைதான் எனக்குப் பிடித்தது. ஆனாலும் அந்த மேஜைக்கு இருவரையும் அனுப்பியது இரண்டு வீட்டு பயோடேட்டா. சாதி அங்கேயே சல்லடை போட்டாகிவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்யாண சீசன் வந்துவிட்டது. மூன்றாவது மாடிக்காரியிடம் கேட்டே விட்டேன்: வேறு வேறு சாதிப் பையனும் பெண்ணும் வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொள்வதை ஏன் யாரும் எடுப்பதில்லை?

இந்த மாநிலத்தில் அதற்குக் கதைப் பஞ்சம் கிடையாது. காதல் கல்யாணத்துக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பாட்டிதார் (படேல்) சாதி அமைப்புகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அரசியல் சட்டம் இடம் கொடுக்குமா என்று ஆராய்வோம் என 2023 ஜூலையில் மெஹ்சானா கூட்டத்தில் முதல்வர் பூபேந்திர படேலே பேசினார். இன்னொரு பக்கம் மைத்ரி கரார்: சேர்ந்து வாழ்வதாக நோட்டரி முன் எழுதிக்கொள்ளும் நட்பு ஒப்பந்தம். பையனுக்கு 21 ஆகும்வரை காத்திருக்கும் ஜோடிகள்கூட இதை எழுதிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறார்கள். எத்தனை ரீலுக்கு ஆகும்!

அவள் துளியும் யோசிக்கவில்லை. "கமென்ட்ல சண்டை வரும் பாபி, அப்புறம் மசாலா கம்பெனி விளம்பரம் வராது. மாமனார் எங்க சாதி சமாஜ்ல பதில் சொல்லணும்." மூன்றும் நியாயமான காரணங்கள்தான், அதிலும் மூன்றாவது.

பேச்சை மாற்றி, அடுத்த வீடியோவுக்கு மெட்ராஸி ஆன்ட்டி ஒருத்தி வேண்டும் என்றாள். பட்டுப்புடவை, தலைநிறையப் பூ, வாயைத் திறந்தால் இட்லி. முடியாது என்றேன். இட்லியை எடுத்துவிட்டு நல்ல வசனமாக நாலு கொடுத்தால் பார்க்கலாம். எழுதிக்கொண்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள்.