பிஸ்கட் டப்பா கைமாறியது

நேற்று மதுரையில் எங்கள் பால்புதுமையினர் (LGBTQ+) மையத்தின் பொதுக்குழு கூடியது. நிர்வாகக் குழுவுக்கு மூன்று பேர் புதிதாக வந்திருக்கிறார்கள்: ஒரு திருநங்கை, தன் மகளுக்காக எங்களைத் தேடி வந்த ஓர் அம்மா, கணக்குத் தெரிந்த ஒரு திருநம்பி. அவர் வந்ததில்தான் எனக்கு நிம்மதி. மூன்று வருடமாக ரசீதுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்த பொருளாளர் நான்தான்.

1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. புதியவர்களின் பெயர், தொழில், முகவரி எல்லாம் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒருபாலுறவைக் குற்றமாக வைத்திருந்த 377-ஆவது பிரிவின் பிடி 2018-இல் தளர்ந்தது, சரி. வீட்டு ஓனருக்குத் தெரிந்தால்? இந்தப் பயத்தில் இரண்டு பேர் கடைசி நேரத்தில் விலகிவிட்டார்கள். "என் முகவரியை முதல்ல எழுதுங்கப்பா, யார் கேட்கப் போறா?" என்றார் அந்த அம்மா.

அப்புறம் பஜ்ஜி வந்தது. டப்பாவைத் திறந்து பார்த்த புதுப் பொருளாளர், கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார்.