மரத்துப்போன ஆட்காட்டி விரல்: ஒரு நாட்குறிப்பு

2023 மார்ச் 6

வலது ஆட்காட்டி விரலுக்குள் வந்த தொற்றுக்காக ஆபரேஷன் செய்த இடத்தில் இன்று தையல் பிரித்தார்கள். உள்ளங்கையில் ஒரு வெட்டு, விரல் நுனிக்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று, இரண்டும் நன்றாக மூடிவிட்டன. சீழ் இல்லை, சிவப்பு இல்லை. டாக்டர் விரலை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "விரலைக் காப்பாத்தியாச்சு" என்றார். உண்மைதான். தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைத்து விரலை மடக்குகிற நாண், ஓடுகிற உறைக்குள் கிருமி புகுந்துவிட்டால் தசைநாணே அழுகிப்போகலாம் என்பதால்தான் அன்று ராத்திரியே உறையைத் திறந்து கழுவிவிட்டார்கள். அந்த வேகத்துக்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். ஆனால் வலது ஆட்காட்டி விரலில், கட்டைவிரலைப் பார்த்த பக்கம் முழுக்க, நுனி வரைக்கும், தொட்டால் ஒன்றுமே தெரியவில்லை. சொன்னேன். வீக்கம் வற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். சரி, பார்ப்போம்.

2023 மார்ச் 20

வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது. உணர்வு வரவில்லை.

விரலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தொடு நரம்பு ஓடுகிறது, பக்கத்திலேயே ஒரு ரத்தக்குழாய். எனக்குப் போனது கட்டைவிரல் பக்க நரம்பு. நடுவிரல் பக்கம் நன்றாகவே இருக்கிறது. கேட்பவர்களுக்கு "பாதி விரல்தானே" என்று தோன்றும், ஆனால் எதை எடுக்க வேண்டுமானாலும் ஆட்காட்டி விரலும் கட்டைவிரலும் சந்திப்பது சரியாக அந்தப் பாதியில்தான். பட்டன் போட முடியவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினால் இரண்டு பக்கம் சேர்ந்து வருகிறதா என்று தெரியவில்லை. ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தேன், நூல் விரலிடுக்கில் இருக்கிறதா நழுவி விழுந்துவிட்டதா என்றுகூடப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை. கண்ணை எடுத்த நிமிடமே பொருள் கையில் இல்லாதது போல ஆகிவிடுகிறது.

2023 ஏப்ரல் 3

கை சிகிச்சைக்கென்றே இருக்கிற பிசியோவிடம் போனேன். இதுவரை நான் பார்த்தவர்களில் "எங்கே தெரியவில்லை" என்று கேட்டு, பேனாவால் என் விரல் மேலேயே எல்லை வரைந்து பார்த்தவர் இவர்தான். அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பல தடிமனில் இருக்கும் நைலான் இழைகளை ஒவ்வொன்றாகத் தோலில் வைத்து, வளையும் வரை அழுத்தினார். நல்ல விரல் நுனிக்கு 0.07 கிராம் அழுத்தத்தில் வளைகிற மெல்லிய இழைகூடத் தெரியுமாம். இடது கையில் தெரிந்தது. வலது ஆட்காட்டியில் தடித்த இழைகளுக்கு வந்த பிறகுதான் ஏதோ படுகிறது என்று மங்கலாகத் தெரிந்தது.

நரம்புக் காயத்தில் மூன்று வகை உண்டு என்று விளக்கினார், செட்டன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1940களில் பிரித்துவைத்தது. முதல் வகையில் நரம்பு முழுசாகவே இருக்கும், செய்தி மட்டும் ஓடாது, அது வாரங்களில் சரியாகிவிடும். இரண்டாவதில் உள்ளிருக்கும் இழைகள் செத்துப்போகும், ஆனால் அவை போகிற குழாய் மிஞ்சியிருக்கும், அதனால் இழை மறுபடி வளர வழி உண்டு. மூன்றாவது, நரம்பே அறுந்துபோவது. ஆபரேஷன் குறிப்பில் நரம்பு அறுபட்டதாக இல்லை, ஆகவே என்னுடையது இரண்டாவதாக இருக்கலாம் என்று நினைக்கிறார். சீழின் அழுத்தம், வீக்கம், பிறகு வந்த தழும்பு, இதில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாதாம்.

வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். உள்ளங்கையிலிருந்து நுனி வரை போக மாதக்கணக்கில் ஆகும். மூன்று வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்புவதற்குப் பதிலாக இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் தினமும் காலையில் எழுந்தவுடன் விரலைக் கிள்ளிப் பார்த்து ஏமாந்திருக்க மாட்டேன்.

2023 ஏப்ரல் 22

சாயங்காலம் கை கழுவும்போது விரலின் ஓரத்தில் கொப்புளம் இருந்தது. எப்போது சுட்டது, எதில் சுட்டது, எதுவும் தெரியவில்லை. வலி என்ற காவல்காரன் அங்கே இல்லை. தொற்று வந்து போன விரலில் மறுபடி ஒரு புண் என்பதுதான் எனக்குப் பயம்.

இனிமேல் சூடு பார்ப்பது இடது கையால் மட்டும். படுக்கப் போகும் முன் விளக்கடியில் விரலைச் சுற்றிலும் பார்த்துவிடுவது, வெடிப்பு, சிவப்பு, கீறல் ஏதாவது இருக்கிறதா என்று. அந்தப் பக்கம் வியர்க்காததால் தோல் காய்ந்து போகிறது, அதற்கு எண்ணெயோ களிம்போ தடவ வேண்டும்.

2023 மே 14

குளித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லா விரல்களும் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருக்கின்றன, இந்த விரலில் பாதி மட்டும் வழவழவென்று அப்படியே இருக்கிறது. பிசியோவிடம் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. தோல் ஊறிச் சுருங்குவது தண்ணீர் உறிஞ்சுவதால் மட்டும் நடப்பதில்லை, நரம்பு சொல்லி ரத்தக்குழாய் சுருங்குவதால் நடப்பது. நரம்பு போன இடத்தில் சுருக்கம் விழாது. பேச முடியாத குழந்தைகளுக்கு விரல் நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூட இதைப் பயன்படுத்துகிறார்களாம்.

இன்னொன்றும் செய்தார். தழும்பிலிருந்து நுனி நோக்கி நரம்பின் வழியே விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சுள்ளென்று கரண்ட் அடித்தது. வளர்ந்துவரும் நரம்பிழையின் முனை அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தமாம். முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களைப் பார்த்து 1915இல் பிரான்ஸில் டினெல், அதே வருடம் ஜெர்மனியில் ஹாஃப்மன், எதிரெதிர் நாட்டு மருத்துவர்கள் இரண்டு பேரும் இதையே எழுதிவைத்தார்கள். பேனாவால் அந்த இடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷம்.

2023 ஜூலை 2

மரத்துப்போனது என்றால் வலிக்காது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ராத்திரியில் எரிகிறது, ஊசி குத்துகிறது, போர்வை உரசினால் பல் கூசுகிற மாதிரி உடம்பே கூசுகிறது. தொட்டால் தெரியாத அதே இடம் உரசினால் தாங்கவில்லை. இதை வீட்டில் விளக்கிச் சொல்ல நான் பட்ட பாடு! "தெரியலேன்னுதானே சொன்னே" என்று அண்ணன் கேட்டபோது பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன், அவன் தப்பாகக் கேட்கவில்லை, எனக்குத்தான் பேசத் தெம்பு இல்லை.

நரம்பு வலிக்கு டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இது வலியை அடக்கும், உணர்வைத் திருப்பிக் கொண்டுவராது என்று தெளிவாகச் சொன்னார். முதல் வாரம் தலை சுற்றியது, தூக்கமாகவே வந்தது. பி12 ஊசி போடச் சொல்லி ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள், ரத்தத்தில் பார்த்தோம், அளவு சரியாக இருந்தது, ஆகவே போடவில்லை.

கூச்சத்துக்கு மருந்தை விடப் பயிற்சிதான் அதிகம் உதவுகிறது. முதலில் பஞ்சு, பொறுக்க முடிந்ததும் மெல்லிய துணி, அப்புறம் முரட்டுத் துண்டு. கொஞ்ச நேரம், ஆனால் தினமும் பல தடவை.

2023 செப்டம்பர் 10

விரலின் நடுவில் தொட்டால் ஓரத்தில் தெரிகிறது. புதிதாக வளர்கிற இழைகள் எல்லாம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்வதில்லை, வேறு குழாய்க்குள் புகுந்துவிடுகின்றன, மூளையோ பழைய முகவரியை வைத்துக்கொண்டே படிக்கிறது. அதை மாற்றிப் படிக்கச் சொல்லித்தர வேண்டுமாம்.

பயிற்சி இப்படி: கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே ஓர் இடத்தைப் பென்சில் ரப்பரால் தடவுவது, அப்புறம் கண்ணை மூடி அதையே தடவி மனதை அங்கே வைப்பது, மறுபடி திறந்து சரிபார்ப்பது. சத்தமில்லாத அறையில் செய்தால்தான் எனக்கு வருகிறது. பையில் சாவி, நாணயம், போல்ட், அழிரப்பர் எல்லாம் போட்டுவிட்டு, பார்க்காமல் எடுத்து என்னவென்று சொல்வதும் உண்டு. நல்ல பக்கம் ஏமாற்றி உதவிவிடும், அதனால் மற்ற விரல்களை மடக்கிக்கொள்வேன். அலுப்பான வேலைதான், ஆனாலும் நகர்கிற தொடுகை இப்போது ஓரளவு தெரிகிறது. அசையாமல் வைத்தால்தான் தெரியவில்லை. அசையாத தொடுகைக்கு முன்பே நகரும் தொடுகை திரும்பும் என்பதால் இதுவும் எதிர்பார்த்த வரிசைதான்.

2023 டிசம்பர் 18

குளிர். விரல் வெளுத்து, அப்புறம் எலும்புக்குள் வலிக்கிறது. விரல் நரம்புக் காயத்தில் குளிர் தாங்காமை ரொம்பச் சகஜமாம், வருடக்கணக்கில் இருக்கலாம். கையுறை, முழுக்கைச் சட்டை.

2024 மார்ச் 9

ஒரு வருடம் கழித்து முழுப் பரிசோதனை. இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் வைத்து ஒன்றா இரண்டா என்று கேட்டார்கள். நல்ல நுனிக்கு முனைகளின் இடைவெளி 6 மில்லிமீட்டருக்குள் இருந்தாலே இரண்டு என்று தெரிந்துவிடும். எனக்கு 12இலும் ஒன்றாகவே தெரிகிறது. மறுபடி திறந்து பார்ப்பதில் பிரயோசனம் இருக்காது, தழும்பு கூடுகிற ஆபத்துதான் அதிகம் என்று அறுவை மருத்துவர் சொன்னார். இன்னும் கொஞ்சம் முன்னேறலாம், முழுசாக வராது. கேட்டுவிட்டு வெளியே வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். ஒரு வருடமாக "வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்த வேலைகள் எத்தனை!

2024 மார்ச் 24

தள்ளிவைத்ததை எடுத்துச் செய்யத் தொடங்கிவிட்டேன். பட்டனுக்குக் கட்டைவிரலும் நடுவிரலும். டைப் அடிக்க ஆட்காட்டியின் எழுத்துகளையும் நடுவிரலுக்கே கொடுத்துவிட்டேன், இப்போதே வேகம் பாதிக்கு மேல் வந்துவிட்டது. பேனாவுக்குத் தடித்த ரப்பர் உறை. வழுக்கலைத் தோல் சொல்லாததால் எதையும் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறேன், மணிக்கட்டு வலிப்பது அதனால்தான், அதற்காக நடுநடுவே பிடியைத் தளர்த்தப் பழகுகிறேன். நூல் கோக்க ஒரு கருவி இருக்கிறது, வாங்கிவிட்டேன், தைக்கிறேன்.

பயிற்சியை நிறுத்தவில்லை. வந்தால்தான் வாழ்வேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

2024 ஜூன் 30

கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி நேற்று விரலைக் காட்டினாள், முள் குத்தி மூன்று நாளாம். விரல் முழுக்கச் சீராக வீங்கியிருந்தது, கொஞ்சம் மடங்கியே இருந்தது, உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுக அழுத்தினால் வலி, நான் மெல்ல நீட்டிவிட்டதும் துடித்துவிட்டாள். இந்த நான்கும் கனாவெல் என்ற சிகாகோ அறுவை மருத்துவரின் பெயரில் சொல்லப்படுபவை. நான்கும் சேர்ந்திருந்தால் தசைநாண் உறைக்குள் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. திங்கட்கிழமை போகிறேன் என்றவளை நானே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். ராத்திரியே கழுவிவிட்டார்கள்.

இன்று பார்க்கப் போனேன். கட்டு மாற்றும்போது விரலின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேள் என்றேன், எந்தப் பக்கம் தெரியவில்லை என்பதைக் குறிப்பில் எழுதச் சொல், கை பிசியோவிடம் இப்போதே சீட்டு வாங்கிக்கொள், வீக்கம் வற்றும்வரை காத்திருக்காதே. செவிலியர் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் தெரிகிறது என்றாள்.