போட்டிருந்தாலும் ஏலத்துக்குத்தான் போயிருக்கும்

"நாம அங்கயும் ஒண்ணு போட்டு வெச்சிருக்கலாமுங்களா தம்பி?"

சென்னிமலை பெட்ஷீட் கடை அய்யா இதைக் கேட்டது 2019 ஆகஸ்டில், அவர் கடை வெப்சைட்டின் பெயர், அதாவது டொமைன், கைவிட்டுப் போன மறுநாள் காலை. நான் யோசிக்கக்கூட இல்லை. "போட்டிருந்தாலும் ஏலத்துக்குத்தானுங்க போயிருக்கும். அந்த வெலைக்கு நம்மளால போக முடியாதுங்க" என்றேன். "செரி விடுங்க, நீங்களும் ராத்திரியெல்லாம் முழிச்சுப் பாடுபட்டீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அந்தப் பதிலைத்தான் இத்தனை வருடமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

'அங்கே' என்றால் காலாவதியாகும் பெயர்களைப் பிடிக்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று. மூன்று வாரம் முன்பே அவர் பேரன் அதைப் பற்றிச் சொல்லி, அய்யா என்னிடம் கேட்டிருந்தார். அப்போதே வேண்டாம் என்று தடுத்தவன் நான்தான். "அங்க போட்டா நாலு பேரு கண்ணுல படுமுங்க. நாமளே புடிச்சுக்கலாம்" என்றேன். பெயர் விடுபட்டதும் நமக்காகப் பிடிக்கச் சொல்லி முன்கூட்டிப் பதிந்துவைப்பதுதான் பேக்ஆர்டர். அதைப் போடக் காசு கிடையாது, கிடைத்தால் மட்டும்தான் பணம் என்பதை நான் சொல்லவில்லை. வேறு யாரும் கேட்காவிட்டால் அங்கே சுமார் 60 டாலர், அன்றைய கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். அதே வேலையைச் சின்ன அளவில் செய்துவந்த நாங்கள் பிடித்துக் கொடுத்தால் 5,000 ரூபாய்.

அந்தப் பெயர் அந்த நிலைக்கு வந்ததே அநியாயம். அதற்குப் பதினாலு வருடம் முன்பு வெப்சைட் செய்து கொடுத்த பையன் டொமைனைத் தன் பெயரிலும் தன் மெயிலிலும் பதிந்துவைத்திருந்தான். நம் ஊர்களில் பாதிக் கடைகளின் கதை இதுதான். அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர் காலாவதியாகி ரிடெம்ப்ஷன் என்ற மீட்புக் காலத்துக்குள் போன பிறகும் 30 நாள் அவகாசம் இருந்தது. பதிவில் இருக்கிற ஆள் கேட்டால் அபராதம் கட்டி மீட்டுவிடலாம். அய்யா எத்தனை பில்லைக் காட்டினாலும் பதிவில் இருக்கிற ஆள் அவர் இல்லை. அதன்பின் 5 நாள் பென்டிங் டெலீட், அழிவதற்கு முந்தைய காத்திருப்பு. அந்த ஐந்து நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது, காத்திருக்க வேண்டியதுதான். விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், வெளிநாட்டு பையர்கள் எழுதும் மெயில் எல்லாம் அந்தப் பெயரில். இரண்டு கன்டெய்னர் ஆர்டர் அந்த மெயிலில்தான் வர வேண்டியிருந்தது.

டாட் காம் பெயர்களின் மொத்தப் பதிவேட்டையும் வைத்திருப்பது வெரிசைன் நிறுவனம். அங்கிருந்து பெயர்கள் விழுவது, அதாவது அழிந்து மறுபடி யாரும் எடுக்கும்படி ஆவது, நமக்கு இரவு 11:30 மணிக்குத் தொடங்கும், அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் 12:30. எந்தப் பெயர் எந்த நொடியில் விழும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் பதிவு செய்யும் கட்டளையை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ரெஜிஸ்ட்ராருக்கு (பெயர்களைப் பதிந்து தர உரிமம் வாங்கிய நிறுவனம்) வெரிசைனோடு இத்தனை கனெக்‌ஷன்தான் என்று வரம்பு உண்டு. பெரியவர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள்: ரெஜிஸ்ட்ரார்களையே பெருக்கினார்கள். 2016-இல் ஒரே நிறுவனம் ஒரே மூச்சில் 500 புதிய ரெஜிஸ்ட்ரார் உரிமம் வாங்கியது. உரிமம் தரும் ஐகேன் அமைப்புக்கு விண்ணப்பக் கட்டணம் ஒன்றுக்கு 3,500 டாலர், வருடச் சந்தா ஒன்றுக்கு 4,000. விண்ணப்பத்துக்கு மட்டுமே 17.5 லட்சம் டாலர். நாங்கள் இரண்டு பேர், ஒரு சின்ன ரெஜிஸ்ட்ராரின் கனெக்‌ஷனில் பங்கு வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தோம். அவர்கள் கண்டுகொள்ளாத பெயர்கள் எங்களுக்கு விழும். மாதத்துக்கு நாலைந்து பிடித்துவிடுவோம். அந்த நாலைந்தும் எனக்குக் கொடுத்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல.

அன்றைக்கு இரவு திரையில் 2302, 2302 என்று வந்துகொண்டே இருந்தது. 'பெயர் ஏற்கெனவே இருக்கிறது' என்று பொருள். இன்னும் விழவில்லை, இன்னும் விழவில்லை என்று நான் உட்கார்ந்திருந்தேன். பழைய பதிவு அழியாமல் கிடந்தாலும் 2302தான், அது அழிந்து வேறொருவன் எடுத்துக்கொண்டாலும் 2302தான். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் ஒரு பெயர் எப்போது பதியப்பட்டது என்று காட்டும் ஹூயிஸைப் பார்க்கத் தோன்றவே இல்லை. பார்த்தபோது புதிய பதிவு நேரம் முக்கால் மணி நேரத்துக்கு முந்தையதாக இருந்தது. முடிந்துபோன காரியத்துக்கு முக்கால் மணி நேரம் நம்பிக்கையோடு காத்திருந்திருக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு மறுபடி தேடினேன். பெயர் ஏலத்தில் இல்லை. பேரன் சொன்ன அதே நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் 2,795 டாலர் விலையோடு இருந்தது. அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்தப் பெயருக்கு அங்கே யாரும் பேக்ஆர்டர் போட்டிருக்கவில்லை. பழைய பெயர், மற்ற தளங்களிலிருந்து நல்ல இணைப்புகள் இருக்கின்றன என்று அவர்களே எடுத்துவைத்துக்கொண்டார்கள். அய்யா மட்டும் போட்டிருந்தால் அது அவருடையது.

அவர் போன் செய்தது எட்டரைக்கு. இது எனக்குத் தெரியவந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

தடுத்ததை நான் ஓரளவு நியாயப்படுத்திவிடுவேன். பதினாலு வருடப் பெயருக்கு இன்னும் ஒருவன் போட்டிருந்தால் ஏலம்தான், அதில் வியாபாரிகள் வந்து ஆயிரம் டாலர் வரை ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அங்கேயே போட்டுக்கொண்டிருந்தால் எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பிழைப்பது என்ற கோபமும் எனக்கு உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அந்தக் கோபத்துக்கும் அய்யாவுக்கும் என்ன சம்பந்தம்? என் போட்டிக்கு அவர் கடைப் பெயரைப் பணயம் வைத்தேன். அதைக்கூட ஒத்துக்கொள்ளலாம். அந்த எட்டரை மணிப் பதிலுக்குத்தான் என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சும்மா கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே "செரி விடுங்க"தான் வந்திருக்குமோ என்று நினைக்கிறபோது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பிறகு அவருக்கு டாட் இன் பெயர் ஒன்றைப் பதிந்து கொடுத்தேன், அவர் பெயரிலேயே. கார்டெல்லாம் மாற்றினார். பிடிக்கும் வேலையை இப்போது அநேகமாக விட்டுவிட்டோம். யார் வந்தாலும் மூன்று இடத்தில் பேக்ஆர்டர் போடச் சொல்கிறேன், நானே படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறேன். இதை நான் திருந்தியதாக எண்ணிக்கொள்ள ஆசைதான். ஆனால் ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு வந்த நேர்மை இது. மாதம் நாற்பது பெயர் பிடிக்கிற நிலையில் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

போன மாதம் பெருந்துறையிலிருந்து ஒரு கிளினிக்கார அம்மா பேசினார். "அய்யா சொன்னாருங்க. ராத்திரி பூரா முழிச்சிருந்து பாத்தீங்களாமே" என்றுதான் ஆரம்பித்தார். இப்படி அவர் அனுப்பியவர்கள் ஏழெட்டுப் பேர். பேக்ஆர்டர் பற்றி விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப உங்களுக்கு எதுக்குங்க காசு?" என்றார்.

"உங்க பேர்ல பதிஞ்சு தர்றதுக்குங்க" என்றேன்.

அய்யாவிடம் போன வாரமும் பேசினேன். நூல் விலை ஏறிப்போச்சு என்றார். பேரனுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம். அரை மணி நேரம் பேசினோம், அந்த டொமைன் பேச்சு வரவில்லை. நானும் எடுக்கவில்லை.