பதிவேட்டில் ஒரு வரி

பிஷ்கெக்கில் இந்திய மாணவிகள் விடுதி ஒன்றில் ஐந்து வருடம் வார்டனாக இருந்தேன். கிர்கிஸ்தானுக்கு எம்.பி.பி.எஸ். படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு ஹீட்டர் வேலை செய்கிறதா, ரசம் வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா, வீட்டுக்குப் போன் பேசினார்களா என்று பார்ப்பதுதான் வேலை. வருகைப் பதிவேடும் சம்பளப் புத்தகமும் என் மேஜையில் இருக்கும்.

2017 குளிர்காலத்தில் சமையற்கட்டில் பாத்திரம் கழுவிய 19 வயதுப் பெண் திடீரென்று வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கணக்குப் பார்க்கும் எஜேயிடம் கேட்டேன். எஜே என்றால் கிர்கிஸ் மொழியில் அக்கா. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அலா கச்சூ" என்றார். அப்படியென்றால்? "எடுத்துக்கிட்டு ஓடுறது. கல்யாணம்."

ஓ, ஓடிப்போய்விட்டாளா! மதுரைப் பக்கம் வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? பிடித்தவனோடு போயிருக்கிறாள், கெட்டிக்காரி என்று சிரித்துக்கொண்டே "திருமணம். வேலையிலிருந்து நின்றுவிட்டார்" என்று பதிவேட்டில் எழுதினேன். எடுத்தது யார், ஓடியது யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சொல்லுக்குள் இரண்டு காரியம் இருப்பது தெரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு, வீட்டு எதிர்ப்புக்கோ கல்யாணச் செலவுக்கோ பயந்து கிளம்பிப் போனாலும் அலா கச்சூதான். பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணை நாலு பேர் காருக்குள் தள்ளிக்கொண்டு போனாலும் அலா கச்சூதான். முதலாவதின் நிழலில் இரண்டாவது சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது.

தூக்கிவருவதோடு ஆண்கள் வேலை முடிந்தது, அப்புறம் எல்லாம் பெண்கள் வேலை என்றார் எஜே. பாட்டியும் அத்தைகளும் சுற்றி உட்கார்ந்து அவள் தலையில் வெள்ளைத் துணி கட்டப் பார்ப்பார்கள்; கட்டிக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். அவள் பிடுங்கிப் போடுவாள், மறுபடி கட்டுவார்கள். மணிக்கணக்காக நடக்கும். வெளியே ஓடப் பார்த்தால் வீட்டிலேயே மூத்த கிழவி வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்வாள். பெரியவர்களைத் தாண்டிப் போனால் சாபம். ஓர் இரவு அங்கே கழிந்துவிட்டால் ஊர் வாய்க்கு அதுவே போதும். பெண்ணைப் பெற்றவர்களுக்கென்று ஒரு பழமொழியே இருக்கிறது: கல் விழுந்த இடத்தில்தான் கனம். அதாவது, போன இடத்திலேயே பெண் இருக்கட்டும்.

எஜேயின் கல்யாணமும் அப்படித்தான். ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கம்மா வந்தாங்க. சாப்பிட்டாங்க. போயிட்டாங்க."

சட்டம் இல்லாத நாடில்லை. சோவியத் காலத்திலேயே தடை உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் குற்றம்தான், ஆனால் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு. ஆட்டைத் திருடினால் 11 ஆண்டு வரை உள்ளே போகலாம் என்ற ஒப்பீட்டைச் சொல்லிச் சொல்லியே பெண்கள் அமைப்புகள் போராடின. 2013-இல் அது 7 ஆண்டாகவும், 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் என்றால் 10 ஆண்டாகவும் ஆனது. புகார் கொடுக்கப் பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தால்தானே அதெல்லாம்.

புகார் கொடுத்தும் நடந்தது ஒன்று உண்டு. 2018 மே மாதம், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 20 வயது புருலாய் துர்தாலி கிசியை ஒருவன் கடத்தினான். போலீஸ் இருவரையும் பிடித்து நிலையத்துக்குக் கொண்டுவந்தது. கொண்டுவந்து, அவனோடு அவளைத் தனியே விட்டது. அங்கேயே குத்திக் கொன்றான். அவனுக்கு 20 ஆண்டு சிறை. எங்கள் மாணவிகளும் அதே வயதுதான். அந்த வாரம் தமிழ்நாட்டிலிருந்து வந்த போன்களுக்கு, "இங்கே ஒன்றும் பயமில்லை" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு நாள் எஜே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, விமான நிலையத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரும் வேனைக் கேட்டார். தங்கை மகளைத் தூக்கிவிட்டார்கள், தோக்மோக் என்ற ஊரைத் தாண்டி ஒரு கிராமம். நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் பேசவில்லை. தங்கையிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

நீல ஜன்னல் வைத்த வீடு. வேன் சத்தம் கேட்டதுமே முற்றத்தில் பலகாரத் தட்டோடு ஒருத்தி வந்துவிட்டாள், சம்பந்தி வந்தாயிற்று என்று. எஜே தட்டைப் பார்க்கவேயில்லை. அவர் உள்ளே போனதும் கூச்சல். திறந்த கதவு வழியே பார்த்தேன். பூப்போட்ட கவுனும் கம்பளிச் சட்டையும் போட்ட ஒரு கிழவி மெதுவாக, முட்டியைப் பிடித்துக்கொண்டு, வாசலில் படுத்தாள். என் பாட்டியும் அப்படித்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். எஜே அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிழவியைத் தாண்டினார். ஒரு நொடி காலைத் தூக்கியபடியே நின்றார், அவ்வளவுதான்.

பெண்ணின் காலில் சாக்ஸ் மட்டும். செருப்பை ஒளித்துவைத்திருந்தார்கள். புதுப் பிள்ளைகளுக்காக வேனில் எப்போதும் கிடக்கும் ரப்பர் செருப்பில் ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். தோக்மோக் வரும்வரை அவள் அதைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

2021 ஏப்ரலில் ஐசாதா கனத்பெகோவா என்ற பெண். பிஷ்கெக்கின் நடுத்தெருவில், பட்டப்பகலில் காரில் ஏற்றினார்கள். கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தும் இரண்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. உள்துறை அமைச்சகத்துக்கு முன்னால் திரண்டவர்களில் எஜேயும் ஒருவர். நான் அன்று அவருக்கு லீவு மட்டும்தான் போட்டேன்.

அந்த வருடம்தான் வேலையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். பழைய புத்தகங்களைக் கட்டும்போது 2017 சம்பளப் புத்தகம் கைக்கு வந்தது. பாத்திரம் கழுவிய பெண்ணின் பெயர், 11 நாள் சம்பளம். பக்கத்தில் அவள் கையெழுத்து இல்லை. தொப்பி போட்ட ஒரு பையன் வந்து, "இனிமேல் அவள் எங்கள் வீட்டுப் பெண்" என்று சொல்லிப் பணத்தை வாங்கிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோணல்மாணலான கையெழுத்து அவனுடையது. குளிராக இருக்கிறதே என்று அவனுக்கு டீயும் கொடுத்திருந்தேன்.