மீனாட்சி என்கிற மீனாள்

எங்கள் ஊர் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே, பிரதான சாலையை விட்டு 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முதல் பேருந்து காலை 7 மணிக்குத்தான் வரும். 2024 தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா நெஞ்சை அடைப்பதாகச் சொல்லித் திண்ணையில் உட்கார்ந்தார். வாயுவாக இருக்கும், வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்று அவரே வைத்தியமும் சொன்னார். ஆனால் மார்கழிக் குளிர் விலகாத அந்த வேளையில் அவருடைய ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. தம்பி பைக்கை எடுக்க, அம்மாவை நடுவில் வைத்துப் பின்னால் நான் பிடித்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

அங்கே இரவுப் பணியில் ஒரு செவிலியர் மட்டும் இருந்தார். இசிஜி எடுத்து, அதைக் கைப்பேசியில் மருத்துவருக்கு அனுப்பி, அவர் சொன்னபடி அம்மாவின் உள்ளங்கையில் மாத்திரைகளை எண்ணி வைத்தார்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. “அம்புட்டையுமா?” என்று கேட்ட அம்மா, மறுபேச்சுக்கு முன் 14 மாத்திரைகளையும் விழுங்கியாக வேண்டியிருந்தது. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் கிராமத்து நிலையங்களிலேயே மாரடைப்புக்கு முதலுதவியாக இந்த மருந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 108 வாகனத்தில் காரைக்குடிக்கும், மறுநாள் இதய இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று காட்டும் ஆஞ்சியோகிராம் பார்ப்பதற்காக மதுரைக்கும் போய்ச் சேர்ந்தோம்.

இரத்தக் குழாயில் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் எங்கள் அலைச்சல் தொடங்கியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எங்களிடம் அட்டை இல்லை. ஆரோக்கியமாக இருக்கும்போது அதை யார் எடுத்து வைக்கிறார்கள்? தம்பி அன்றிரவே ஊருக்குத் திரும்பினான். எங்கள் கிராம நிர்வாக அலுவலர் பக்கத்து ஊரையும் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பவர் என்பதால், அவரைத் தேடிப் பிடித்து வருமானச் சான்று வாங்க மறுநாள் பிற்பகல் ஆகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு இரவு மதுரைக்கு வந்தால், காலையில் காப்பீட்டு மேசையில் இருந்தவர் ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்தார். குடும்ப அட்டையிலும் சான்றிலும் ‘மீனாள்’, ஆதாரில் ‘மீனாட்சி’. எங்கள் பக்கத்தில் மீனாட்சியை மீனாள் என்றுதான் கூப்பிடுவோம் என்று நான் விளக்கியதை அவர் பொறுமையாகக் கேட்டார், கணினி கேட்கவில்லை.

தம்பி மறுபடியும் பேருந்து ஏறினான். இந்த முறை கிராம நிர்வாக அலுவலர் தாமே யோசித்து, ‘மீனாட்சி என்கிற மீனாள்’ என்று எழுதி, இருவரும் ஒருவரே என ஒரு வரியும் சேர்த்து, முத்திரை வைத்துத் தந்தார். முதல் முறையே ஆதாரை நீட்டியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். அது எங்கள் தவறு.

அதன் பிறகும் ஒரு தடை. முப்பது ஆண்டுகளாகப் பனையோலைக் கொட்டான் முடையும் அம்மாவின் விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருந்ததால், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் கருவி ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். கடைசியில் வேறொரு பிரிவிலிருந்து கருவிழி பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து பதிவு செய்தார்கள். ஆறாம் நாள் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு எங்களிடம் பணம் கேட்கவில்லை. எங்கள் கையிலிருந்து போனது பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவுதான்.

இப்போது இரத்த அழுத்த மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைக்கு மட்டும் மாதம் ஒருமுறை காரைக்குடிக்குப் போகிறோம். குடும்ப அட்டையில் பெயரைத் திருத்த விண்ணப்பித்திருக்கிறேன். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. “மீனாட்சின்னு கூப்பிட்டா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்” என்கிறார்.